பாதிக்கு மேல் எட்டு

அன்று காலை வாவியிலிருந்து கரையேறி, வலையில் சிக்கிய இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க ஈரம். சட்டைப் பைக்குள் கிடந்து தொலைபேசி அடித்தது. மயில்வாகனத்தின் மனைவி நேசம்மா பேசினாள். அவள் அழவில்லை. "அண்ண, உங்கட மச்சான் போயிட்டார்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொன்றும் சொன்னாள்: "நீங்க முக்கால்வாசி எண்டீங்களே அண்ண." அதோடு வைத்துவிட்டாள்.

அந்த இறாலை நான் விற்கவில்லை. பெட்டியோடு அப்படியே விட்டுவிட்டு மயில்வாகனத்தின் வீட்டுக்கு நடந்தேன். செத்த வீடு முடியும்வரை நேசம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நாலு வார்த்தை வேண்டும் என்று வாசிகசாலைக்காரர் வந்து கேட்டார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். "நீங்க சொல்லுங்க, நாங்க எழுதுறம்" என்றார்கள். சொல்வதென்றால் முழுதாகச் சொல்லவேண்டும். டிரைவர் மயில்வாகனத்துக்கு எதிரே பதினாறு வருடம் உட்கார்ந்து முந்நூற்று நாலு விளையாடியவன் நான். அந்தச் சீட்டுக் கடதாசி விளையாட்டுத்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று செத்த வீட்டில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. நேசம்மா கேட்டதற்கும் ஒரு பதில் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு.

நாங்கள் சேர்ந்தது ஒரு மாரி காலத்தில். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போகும் பஸ்ஸை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மேல் பக்கத்து ஊர்களுக்கு மீன் கொண்டுபோகிறவன். ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியைப் பின் சீட்டுக்குப் பக்கத்தில் வைக்க அவர்தான் இடம் தருவார். அன்று ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலமான தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பாதையின் விளிம்பு தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற லொறி ஒன்று மெல்ல இறங்கி, ஆடி ஆடி அக்கரை ஏறிவிட்டது.

"டிரைவர், லொறி போகுது! உங்கட பஸ்ஸுக்கு என்ன, சளி புடிக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கல்யாண வீட்டுக்குச் சீலை உடுத்து வந்த மனுசி ஒருத்தி, "தாலி கட்டி முடிஞ்ச பிறகா நான் போய்ச் சேருற?" என்று ஏசத் தொடங்கினாள்.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, போய்ச் சேருறதுக்கும் சேராததுக்கும் சரிபாதி. நான் தனிய எண்டா யோசிப்பன். நாப்பது பேரை ஏத்திக்கொண்டு சரிபாதிக்குப் போறதுக்கு எனக்கென்ன விசரா?"

இரண்டாவது லொறியும் இறங்கியது. அதுவும் அக்கரை சேர்ந்தது. "இப்ப என்ன சொல்லுறீங்க?" என்று அந்தப் பின் சீட்டுக்காரன் விடவில்லை.

"சேர்ந்தது அவன்ர அதிட்டம் தம்பி. வெண்டதெல்லாம் நல்ல ஆட்டம் எண்டு ஆகாது" என்றார்.

தண்ணீர் வற்றப் பின்னேரமாயிற்று. அதுவரை என்ன செய்வது? யாரோ ஒருவரின் பையிலிருந்து கடதாசிக் கூட்டம், முழுச் சீட்டுக்கட்டு, வந்தது. என் மீன் பெட்டியின் மூடிதான் மேசை. அவரும் நானும் சோடி. முதல் கையிலேயே நான் இருநூறு கேட்டேன். அவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். தோற்றோம். அடுத்த கையிலும் நான் அப்படித்தான் கேட்டேன். அதுவும் போயிற்று. பஸ்ஸை எடுக்கப் போகும்போது என் தோளில் தட்டி, "உன்ர பேர் என்ன? நல்லதம்பியா? நீ கையில உள்ளதக் கூட்டிச் சொல்லுற ஆள் மச்சான். பரவாயில்ல. அதத் தெரிஞ்சுகொண்டா உன்னோட விளையாடலாம்" என்றார்.

அதுதான் எங்கள் ஒப்பந்தம். அதற்குப் பிறகு போட்டி எதிலும் அவர் வேறு சோடி தேடவில்லை. நானும் தேடவில்லை.

விளையாட்டுத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு சோடி. எதிரே இருப்பவர் நம் ஆள். கூட்டத்தில் உள்ள பெறுமதி எல்லாம் சேர்த்தால் முந்நூற்று நாலு. அதில் சரிபாதி நூற்றி ஐம்பத்திரண்டு. ஆனால் கேள்வி தொடங்குவது நூற்றி அறுபதில். அதாவது "நான் இத்தனை எடுப்பேன்" என்று வாய் திறக்கிறவன், பாதிக்கு மேல் குறைந்தது எட்டு எடுத்துக் காட்டவேண்டும். அதைவிடப் பெரிய விசயம், நாலு தாளைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வெட்டும் துரும்புத் தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலு தாளும் கைக்கு வரும். சோடிக்காரனின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது. கண்ணைக் காட்டக்கூடாது, இருமக்கூடாது.

மயில்வாகனம் சொல்லுவார்: "ஆர்ர கையிலயும் முழுசா இரிக்காது மச்சான். பாதிய நான் கொண்டு வாறன். மேல எட்டை நீ கொண்டு வா."

வெள்ளாமை வெட்டு முடிந்ததும் எங்கள் பக்கத்தில் வருசா வருசம் போட்டி நடக்கும். வாகரையிலிருந்தும் வருவார்கள், வாழைச்சேனையிலிருந்தும் வருவார்கள், ஏறாவூரிலிருந்தும் வருவார்கள். பந்தயம் கிடையாது, காசு மேசைக்கு வரக்கூடாது. ஒவ்வொரு சோடிக்கும் பத்துப் புளியங்கொட்டை. கையில் கொட்டை முடிந்தால் எழும்பிப் போகவேண்டியதுதான். இன்னொரு வழக்கமும் உண்டு. மத்தியானச் சோற்றுக்கு முந்தி ஒரு கைக்கு ஒரு கொட்டை, சோற்றுக்குப் பிந்தி ஒரு கைக்கு இரண்டு கொட்டை. பொழுது படுமுன் மண்டபத்தைக் கூட்டிப் பூட்டிக் கொடுக்கவேண்டும் என்பதற்காக ஆரோ ஒரு காலத்தில் வைத்த சட்டம். அந்தச் சட்டத்தை மயில்வாகனத்தைப் போல விளங்கிக்கொண்ட ஆளை நான் காணவில்லை. "சோத்துக்கு முந்தி இருக்கிற டிரைவர் வேற, பிந்தி இருக்கிற டிரைவர் வேற" என்று சனம் பகிடி பண்ணும்.

எங்கள் இரண்டாவது போட்டியில் நான் ஒரு பிழை விட்டேன். எதிரே வாகரைச் சோடி. கூட்டத்தை ஒழுங்காகக் கலைக்கவும் தெரியாத ஆட்கள். நாங்கள் எட்டுக் கொட்டை வாங்கிவிட்டோம், எங்கள் முன்னால் பதினெட்டு, அவர்களிடம் இரண்டு. இன்னும் சோறு வரவில்லை. எனக்கு ஒரே அவசரம். அரைகுறைக் கையோடு இருநூறு என்றேன். போயிற்று. கோபத்தில் மறுபடி கேட்டேன். அதுவும் போயிற்று. சோறு தின்று வந்தபின் இரண்டு இரண்டாகப் போகத் தொடங்கியது. பொழுது சாய, இருபது கொட்டையும் அவர்கள் பக்கம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். எனக்குத் தாங்கவில்லை. "ஏசு மச்சான், ஏசிப்போடு" என்றேன்.

"ஏச என்ன இரிக்கி? ஒரு கேள்வி கேக்கிறன். அவங்க நம்மளவிட நல்லா விளையாடுறவங்களா?"

"இல்ல."

"சும்மா இருந்தாலே பிழை விடுவாங்க. ஓமா?"

"ஓம்."

"மறுகா கையில பதினெட்டு இருக்கக்குள்ள, பிழை விடப் போறவனோட ஏன் சரிபாதிக்குப் போனாய்? சரிபாதி எண்டுறது இல்லாதவன் ஏறுற தோணி மச்சான். இரிக்கிறவன் ஏன் ஏறணும்?"



இதைக் கேட்டுவிட்டு அவரைப் பயந்த ஆள் என்று நினைக்கவேண்டாம். இரண்டு வருடம் கழித்து ஏறாவூர்ச் சலீம் காக்காவும் அவர் தம்பியும் எங்களுக்கு எதிரே இருந்தார்கள். சலீம் காக்கா துணிக்கடை வைத்திருப்பவர்; ஏறாவூரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். தாளைத் துணி மடிப்பது போல அடுக்கிப் பிடிப்பார். நல்ல ஆட்டக்காரர், எங்களைவிட ஒரு படி மேல். சோற்றுக்குப் பிந்திய நேரம். எங்களிடம் மூன்று கொட்டை மிச்சம். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஒரு கை பொறுத்தாலும் ஒரு கொட்டை மிஞ்சும், அடுத்த கை நல்லதாக வரலாம். மயில்வாகனம் நாலு தாளையும் ஒருமுறை பார்த்தார், கவிழ்த்தார், "நூற்றி அறுபது" என்றார். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும், அது கை அல்ல, அரைக் கை.

தோற்றோம். அடுத்த கையோடு வெளியே.

சலீம் காக்கா சிரித்துக்கொண்டே, "என்ன டிரைவர், பிரேக் இரிக்கிறத மறந்துட்டீங்களா?" என்றார்.

"பள்ளத்துக்குள்ள பிரேக் புடிச்சா பள்ளத்துக்குள்ளதான் நிக்கோணும் காக்கா."

நான் அவரைத் தனியே இழுத்துப்போய், ஒரு கை பொறுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் நிலத்தில் குந்தி, மூன்று சின்னக் கல்லை வைத்துக் காட்டினார். "மூண்டில கேட்டு வெண்டா அஞ்சு. பொறுத்தா அவங்க கேட்டு ரெண்டைக் கொண்டு போவாங்க. ஒண்டில கேட்டு வெண்டாலும் மூண்டுதான், இப்ப நிக்கிற இடம்தான். மூண்டு கொட்டையோட பொறுக்கிறவன் பொறுமைசாலி இல்ல மச்சான். பயந்தவன். இதே கை, இதே மூண்டு கொட்டை நாளைக்கு வந்தாலும் நான் கேப்பன்."

நாளைக்கு வரவில்லை, அடுத்த வருடம் வந்தது. அதே சலீம் காக்கா, அதே மூன்று கொட்டை, அதே அரைக் கை. அவர் இம்மியும் யோசிக்காமல் நூற்றி அறுபது கேட்டார். அவருடைய துரும்பின் பெரிய தாள்கள் இரண்டு என் கையில் வந்து கிடந்தன. அந்த எட்டு என்னிடம் இருந்தது. அங்கிருந்து ஏறி, இறுதி ஆட்டம்வரை போனோம். இறுதியில் தோற்றோம். இரண்டாம் பரிசு ஆளுக்கொரு சுடுதண்ணிப் போத்தல். சனம் அவரைத் தூக்காத குறையாகப் புகழ்ந்தது. அவர் அந்தப் போத்தலின் மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருசம் கேட்டதும் இதே கேள்விதான். போன வருசம் விசரன் எண்டீங்க. இந்த வருசம் கெட்டிக்காரன் எண்டுறீங்க. நான் ஒரே ஆள்தான்."

இனி, நேசம்மாவுக்கும் தெரியாமல் இருந்த ஒன்றைச் சொல்லவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முந்தி அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நானும் கூடப் போனேன். இருதயத்தில் ஒரு கதவு இறுகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். ஒப்பிரேசன் செய்யலாம். ஆனால் சிறுநீரகமும் பழுது என்பதால் அது பாதிக்குப் பாதி. மருந்தோடும் கொஞ்சக் காலம் ஓட்டலாம். டொக்டரை மயில்வாகனம் கேட்ட கேள்விகளை நான் மறக்கமாட்டேன். மருந்து எடுத்தால் நடப்பேனா? சைக்கிள் ஓடுவேனா? எவ்வளவு காலம்? பிறகு ஒப்பிரேசன் செய்ய ஏலாமல் போய்விடுமா, அல்லது அப்போதும் இதே பாதிதானா? டொக்டர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒழுங்காக வந்து காட்டினால், காலம் கடக்குமுன் சொல்லிவிடுவோம் என்றார்.

வெளியே வந்து, "எட்டுக் கொட்டை இரிக்கி மச்சான், சோறும் இன்னும் வரல்ல. இப்ப என்னத்துக்குச் சரிபாதி?" என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். நேசத்துக்குச் சொல்லவேண்டாம், அவள் இருந்த இடத்தில் கரைந்துபோவாள் என்றார். நானும் சொல்லவில்லை.

அந்த இரண்டு வருடத்தையும் அவர் வீணாக்கவில்லை. இரண்டு போட்டி விளையாடினார். நேசம்மாவைக் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார், தான் ஓட்டிய அதே வீதியால், பயணியாக. முன் சீட்டில் இருந்து, "தம்பி, இந்த வளைவுக்கு ரெண்டாம் கியர்" என்று டிரைவருக்கு வகுப்பு எடுத்தாராம். டிரைவர் கடைசியில் பஸ்ஸை ஓரங்கட்டி, "ஐயா, நீங்களே ஓட்டுறீங்களா?" என்று கேட்டானாம். நேசம்மா இதைச் சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. "அந்த றோட்டில முப்பது வருசமா அவர்ர முதுகைத்தான் பாத்தனான் அண்ண. அண்டைக்குத்தான் பக்கத்தில இருந்தவர்" என்றாள்.

இந்த வருடம் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு விட ஏலாமல், சுவரில் சாய்ந்தே உறங்கினார். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவருடைய மருமகனும் நானும் கூடப் போனோம். அங்கே டொக்டர் சொன்னது இதுதான்: இப்போதும் பாதிக்குப் பாதி, இன்னும் இரண்டு மாதம் போனால் அந்தப் பாதியும் இல்லை.

மருமகன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் மயில்வாகனம் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தார். "நல்லதம்பி, கூட்டிச் சொல்லாத. எத்தினை கொட்டை இரிக்கி?"

அவருடைய காலைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. எட்டு என்று சொல்ல வாய் உன்னியது. ஐந்து என்றாவது சொல்லலாம். ஆனால் என் வாழ்க்கையில் அந்த ஒருமுறை கையில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "மூண்டு" என்றேன்.

"நானும் மூண்டு எண்டுதான் எண்ணினன்" என்றார். டொக்டர் வந்ததும், "செய்யுங்க ஐயா" என்றார்.

கடதாசி விளையாட்டு அவரைக் கொன்றது என்று சொன்னவருக்கு என் பதில் இது. ஒரே பாதிக்குப் பாதி அவர் முன்னால் இரண்டு முறை வந்தது. ஒருமுறை விட்டார், ஒருமுறை எடுத்தார். சூதாடியின் கை அரிப்பு இரண்டு முறையும் எடுக்கும், பயந்தவன் இரண்டு முறையும் விடுவான். அவர் தன்னிடம் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்து முடிவு செய்தார். அவர் போய்விட்டார் என்பதற்காக அந்த முடிவைப் பிழை என்று சொல்ல நான் விடமாட்டேன். மூன்று என்று சொன்ன என் வாயையும் நான் நோகவில்லை. இதே கால், இதே கட்டில் நாளைக்கு வந்தாலும் மூன்று என்றுதான் சொல்வேன்.

நான் பிழை விட்டது அங்கே இல்லை. ஊரில்.

மருமகன் அங்கே நிற்க, நான் திரும்பி வந்தேன். ஒப்பிரேசனுக்கு முதல் நாள் காலை நேசம்மா வீட்டுக்குப் போனேன். அவள் உடுப்புப் பை கட்டி வைத்திருந்தாள். "அண்ண, டொக்டர் என்ன சொன்னவர்? நானும் பஸ் ஏறட்டா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பாதி என்று சொல்ல வரவில்லை. பழைய வாய் வந்துவிட்டது. "முக்கால்வாசி சரிவரும் எண்டுதான் சொன்னவர் தங்கச்சி. நீங்க இப்ப போய் வராந்தாவில நிண்டு என்ன செய்யுற? முடிஞ்ச பிறகு போங்க. கண் முழிக்கக்குள்ள நீங்க நிண்டாச் சரி" என்றேன்.

அவள் என்னை நம்பிப் பையை அவிழ்த்தாள். அவர் கண் முழிக்கும்போது தேத்தண்ணி கொடுக்க என்று அந்தப் பரிசுப் போத்தலை எடுத்துச் சாம்பல் போட்டுக் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்த நாள் காலை அவர் கண் முழிக்கவில்லை.

பதினாறு வருடம் அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்று: ஒருவரிடம் பாதிதான் இருக்கும், மேல் எட்டை எதிரே இருப்பவர் தரவேண்டும். மேசையில் அவருக்கு எதிரே இருந்தவன் நான். வீட்டில் நாற்பது வருடம் எதிரே இருந்தவள் அவள். பாதி என்று தெரிந்திருந்தால் அவள் தன் எட்டைக் கொண்டு ஓடியிருப்பாள். நான்தான் அந்தப் பஸ்ஸை மறித்தேன்.

இருபத்திரண்டு நாள் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். தோணியைத் தள்ளினால் இது, வலையை உதறினால் இது. ஒரு காலை, இனி ஏலாது என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "இரிங்க அண்ண" என்றாள். உள்ளே போய் அந்தப் போத்தலைக் கொண்டுவந்து, மூடியில் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள்.

நான் குடிக்கவில்லை. "தங்கச்சி, ஒரு கதை இரிக்கி. முடியும்வரை ஒண்டும் சொல்லாதீங்க" என்று தொடங்கினேன். இரண்டு வருடத்துக்கு முந்திய கதை, மருந்து, மூன்று கொட்டை, எல்லாம் சொன்னேன். கடைசியில், "முக்கால் எண்டு டொக்டர் சொல்லேல்ல. பாதி எண்டுதான் சொன்னவர். முக்கால் என்ர வாயில வந்தது" என்றேன்.

"தெரியும்" என்றாள் நேசம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்டைக்குப் பொழுதுபடக்குள்ள அவர் போன் எடுத்தவர். நல்லதம்பி வந்தானா எண்டு கேட்டார். ஓம் எண்டன். என்ன சொன்னான் எண்டு கேட்டார். முக்கால்வாசி எண்டு சொன்னார் எண்டன். சிரிச்சார் அண்ண. மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சார். 'அவன் கையில உள்ளதக் கூட்டித்தான் சொல்லுவான் நேசம், பதினாறு வருசமா எனக்குத் தெரியும். பாதிதான்' எண்டார்."

 "பிறகு ஏன் தங்கச்சி அண்டைக்குக் காலையில என்னை அப்பிடிக் கேட்டீங்க?" என்றேன்.

"நீங்களா வந்து சொல்லுறீங்களோ எண்டு பாக்கத்தான். இருபத்திரெண்டு நாள் எடுத்திட்டீங்க."

"கோபமா?"

"கோபம் இல்லாமலா? அவர் போன் எடுத்த நேரம் கடைசி பஸ்ஸும் போயிட்டு. நீங்க காலையில பாதி எண்டு சொல்லியிருந்தா நான் அந்த நேரம் அவருக்குப் பக்கத்தில நிண்டிருப்பன். போனில கை புடிக்க ஏலுமா அண்ண?"

  தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவள் போத்தலின் மூடியை என் பக்கம் தள்ளினாள். "ஆறுது, குடிங்க." குடித்தேன். பிறகு அவளே சொன்னாள். "பாதிய நான் கொண்டு போறன், மேல எட்டை நீ தா நேசம் எண்டு கேட்டவர். குடுத்தன். என்ன குடுத்தன் எண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன். அது எங்கட ரெண்டு பேர்ர கை."

நான் கேட்கவும் இல்லை. சோடிக்காரனின் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது.

அவருடைய பஸ் சாவி வளையம் மருமகனிடம் இருக்கிறது. போத்தல் நேசம்மாவிடம் இருக்கிறது, அது அங்கேதான் இருக்கவேண்டும். என்னிடம் அவருடையதாக ஒரு பொருளும் இல்லை. நான் வைத்துக்கொண்டது, கட்டிலில் இருந்து அவர் கேட்ட அந்த ஒரு வார்த்தையைத்தான்: கூட்டிச் சொல்லாதே. எழுபத்தாறு வயதில் ஒருவன் திருந்துவானா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் தொடங்கிவிட்டேன். நேற்றுக் கரையில் ஒருவர் எத்தனை கிலோ இறால் பட்டது என்று கேட்டார். ஒன்றரை என்று சொன்னேன். ஒன்றரைதான் பட்டது.

வெள்ளாமை வெட்டு முடிய இந்த வருடமும் போட்டி வரும். மயில்வாகனம் இல்லாமல் நடத்துவதா என்று வாசிகசாலைக்காரர் யோசிக்கிறார்களாம். யோசிக்கவேண்டாம், நடத்துங்கள். சோற்றுக்குப் பிந்தி இரண்டு கொட்டை என்ற சட்டத்தையும் மாற்றவேண்டாம். செத்த வீட்டுக்கு வந்த சலீம் காக்கா, தம்பி வெளிநாடு போய்விட்டான், என்னோடு சோடியாக இருப்பீர்களா என்று கேட்டார். இருப்பேன் என்றேன். ஆனால் உட்காருமுன் ஒன்றைச் சொல்லிவைத்திருக்கிறேன், இங்கேயும் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என் கையில் பாதி இருந்தால் பாதிக்குத்தான் வாய் திறப்பேன். மேல் எட்டு உங்களிடம் இருந்தால் தாருங்கள், காக்கா.